சர்வே தாளில் போட்ட கையெழுத்து

தாராவியில் வீட்டிலிருந்தே பை தைக்கிறேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். எங்கள் சந்தில் பொதுக் கழிப்பறை கட்டிய காண்ட்ராக்டர், கழிவுத்தொட்டியே கட்டாமல் பில் பணத்தை வாங்கிவிட்டார். அதைத் தமிழ்ப் பத்திரிகை நிருபர் முருகேசன் தம்பியிடம் சொன்னது நான்தான். அவர் எழுதினார். காண்ட்ராக்டர் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டார்.

பிறகு ஒருவன் மராத்தித் தாளோடு வந்தான். “மௌசி, சர்வே பேப்பர். சைன் கரோ” என்று கையெழுத்துக் கேட்டான். குடிசைகளை இடித்துவிட்டு மாற்று ரூம் தருவதற்கான சர்வே அது; அதில் பெயர் விட்டுப்போனால் ரூம் கிடைக்காது என்று எங்களுக்கெல்லாம் பயம். போட்டுவிட்டேன்.

நிருபரிடம் நான் எதுவுமே சொல்லவில்லை என்று அதில் எழுதியிருந்தது, கோர்ட்டில்தான் தெரிந்தது. கையெழுத்து என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். ரூம் போய்விடுமோ என்று மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. தம்பி சிறைக்குப் போனார். வேலையும் போயிற்று.

அவர்மேல் குற்றமில்லை என்று மேல்கோர்ட் சொல்ல நாலு வருஷமானது. இப்படித் தண்டிக்கப்பட்ட நிருபர்களுக்கு அரசு நஷ்டஈடு தரவேண்டும் என்று இப்போது நிருபர்கள் சேர்ந்து மனு போடுகிறார்கள். தகவல் தந்தது நான்தான் என்று என்னிடம் எழுதி வாங்க, போன மாதம் தம்பி வந்தார். கொண்டுவந்த மராத்தித் தாளை வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

“முழுசும் கேட்டுட்டுப் போடுங்கக்கா. பயமா இருந்தா வேண்டாம்.”

“என்னைய வையாம, படிச்சுக் காட்டுதியே தம்பி” என்றேன். அவர் பேனாவை நீட்டினார். போட்டேன்.

இப்போது எந்தத் தாளையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுகிறேன். ஆனால் அன்று கோர்ட்டில் பேசாமல் நின்றதற்கு எந்தத் தாளையும் குறை சொல்ல முடியாது.