நாலு டீசன்ட் ஃபேமிலி, ஒரே ஜெராக்ஸ்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு நம்மளவிடக் கம்மியா தெரிஞ்சிருந்தா போதும். உங்கள்ல யாராவது டியூஷன் எடுத்து, சாக்பீஸ் தூளை மூக்கால இழுத்து வாழ்ந்திருந்தா இது உங்களுக்கும் தெரியும். வெளிய சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்.

என் தகுதி

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல காலேஜை விட்டவன். நான் காலேஜை விட்டேனா, காலேஜ் என்னை விட்டுச்சாங்கிறதுல எங்க வீட்டுல இன்னும் ஒரு முடிவு வரலை. அப்புறம் ஒரு மொபைல் கடை, ஒரு கூரியர் ஆபீஸ், நடுவுல நாலு மாசம் சும்மா. கடைசியா சேலையூர் கேம்ப் ரோட்டுல, பேக்கரிக்கு மாடியில இருக்கிற ஒரு சென்டர்ல வந்து விழுந்தேன். ஓனரை ‘டைரக்டர் சார்’னுதான் கூப்பிடணும். அவர் எதை டைரக்ட் பண்றாருன்னு யாரும் கேட்டதில்லை.

இன்டர்வியூல ஒரே கேள்விதான். “ஒரு மணி நேரம் நிறுத்தாம பேசுவியா?” “பேசுவேன் சார். அதனாலதான் காலேஜ்ல பாதி நாள் கிளாஸுக்கு வெளிய நின்னேன்”னேன். மனுஷன் முகம் மலர்ந்து போச்சு. “டிகிரி முடிச்சவன்லாம் இந்த வேலைக்கு லாயக்கு இல்லப்பா. நாளைக்குக் காலையில ஆறரை மணி பேட்ச் உன்னுது.”

ஒரு வாரம், ஒரு வார்த்தை

எங்க சென்டர்ல ஒரு முறை இருக்கு. டைரக்டர் சார் வாரத்துக்கு ஒரு வார்த்தை எடுத்துக் குடுப்பாரு. அதை வச்சு ஆளுக்குப் பத்து வாக்கியம். இந்தக் கதை ஆரம்பிச்ச வாரம் வந்த வார்த்தை ‘டீசன்ட்’. போர்டுல அர்த்தம் எழுதினேன்: ஒழுக்கமான, மரியாதையான, பரவாயில்லைங்கிற அளவுக்கு நல்ல. ஒழுக்கத்துல ஆரம்பிச்சு பரவாயில்லைல வந்து முடியுது. எங்க வீட்டுல என்னைப் பத்திப் பேசுறதும் அதே ரூட்டுதான்.

முதல் பெஞ்சுல முருகேசன் அண்ணன், பக்கத்துல அவர் வீட்டம்மா கலா அக்கா. அண்ணனோட அப்பா காலத்துல இந்தப் பக்கம் நெல்லு போட்டாங்களாம். இப்ப அதுமேல அடுக்குமாடி நிக்குது, அண்ணன் ஜல்லி, மணல் சப்ளை பண்றாரு. அவங்க பொண்ணு யாழினிக்கு மூணரை வயசு. பெரிய ஸ்கூல்ல எல்.கே.ஜி. சீட்டு வேணும். அங்க பரீட்சை கொழந்தைக்கு இல்லை, அப்பா அம்மாவுக்கு. பிரின்சிபால் மேடம் இங்கிலீஷ்ல கேப்பாங்க, இவங்க இங்கிலீஷ்ல சொல்லணும். கையில மூணு வாரம். இவங்க ஃபெயில் ஆனா பொண்ணுக்கு சீட்டு இல்லை.

அண்ணன் எழுந்து முதல் வாக்கியம் சொன்னாரு. “மை லாரி ஈஸ் டீசன்ட்.” லாரி எப்படிண்ணா டீசன்ட்டா இருக்கும்னு கேட்டேன். “இன்னா மாஸ்டரே, பிரேக்கைத் தொட்டா நிக்குது, ஊட்டாண்ட ஹாரன் அடிக்காம போவுது, ஒரு லாரிக்கு வேற இன்னா ஒழுக்கம் வோணும்?”

ஸ்வேதாவும் வெள்ளைக்காரரும்

அதே பேட்ச்ல ஸ்வேதான்னு ஒரு பொண்ணு. ஐ.டி. கம்பெனி. சனிக்கிழமை கத்துக்கிட்டதை திங்கக்கிழமையே யூஸ் பண்ணிடணும்னு வெறி. வீடியோ கால்ல வெளிநாட்டு கிளையன்ட் ஒருத்தர் ஒரு மணி நேரம் உயிரைக் குடுத்து ஏதோ விளக்கியிருக்காரு. இவ சிரிச்சுக்கிட்டே “யுவர் பிரசன்டேஷன் வாஸ் டீசன்ட்”னு சொல்லிட்டா. அந்த ஆள் மூஞ்சி தொங்கிப் போச்சாம். எதுல குறைன்னு மறுநாள் மெயில் வேற.

நான்தான் விளக்கினேன். அவங்க ஊர்ல அந்த இடத்துல அப்படிச் சொன்னா, ‘ஏதோ தேறும்’னு அர்த்தம்மா. பாஸ் மார்க் முப்பத்தஞ்சுன்னா முப்பத்தாறு எடுத்த மாதிரி. அவ நம்பவே இல்லை. “போங்கண்ணா, எங்க வீட்டுல டீசன்ட்டான பையன்னு சொன்னா பொண்ணையே குடுப்பாங்க!”

எழுதிக் குடு மாஸ்டர்

ரெண்டாவது வாரம் முருகேசன் அண்ணனுக்குப் பொறுமை போச்சு. “இந்தப் பத்து வாக்கியம்லாம் பேஜாரு. மேடம் இன்னா கேக்கும், நாங்க இன்னா சொல்லணும், ஒரே தாள்ல எழுதிக் குடு, மனப்பாடம் பண்ணிக்கிறோம்.” இன்ஜினியரிங்கை நானும் அப்படித்தான் படிச்சேன், முடிவு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் எழுதிக் குடுத்தேன். நாங்க டீசன்ட் ஃபேமிலி. எங்க பொண்ணுக்கு டீசன்ட் பழக்கவழக்கம். வீட்டுல டிவி கிடையாது. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட லைப்ரரி போவோம். எல்லாம் இங்கிலீஷ்ல, ஒரு பக்கத்துக்கு.

கலா அக்கா தமிழ்ல எழுத்துக்கூட்டி எழுதி, அரிசி களையும்போதும் சொல்லிப் பாத்தாங்க. தப்பே இல்லாம ஒப்பிச்சாங்க. ஒரே ஒரு சந்தேகம்தான் அவங்களுக்கு. “தம்பி, வூட்ல டிவி ஐம்பத்தஞ்சு இன்ச்சு கீதே, கொழந்தை வாயத் தொறந்துட்டா இன்னா பண்றது?”

பங்காளி ஜெராக்ஸ்

மூணாவது வாரம் அண்ணன் சாவகாசமா ஒரு விஷயம் சொன்னாரு. அந்தத் தாளை மூணு ஜெராக்ஸ் போட்டு, தெருவுல இருக்கிற சித்தப்பா பசங்க மூணு பேருக்கும் குடுத்துட்டாராம். மூணு வீட்டுலயும் அதே வயசுல புள்ளைங்க. அதே ஸ்கூல். அதே நாள்.

நான் தலையில கை வச்சேன். ஏண்ணா, அவங்க உங்களுக்குப் போட்டிண்ணா. இருக்கிறதே கொஞ்சம் சீட்டுண்ணா. அண்ணன் என்னைப் புழுவைப் பாக்கிற மாதிரி பாத்தாரு. அவங்க தெருவுல ஒரு வீட்டுல மீன் குழம்பு வச்சா நாலு வீட்டுக்கும் கிண்ணம் போவுமாம். “நல்லதா ஒண்ணு கெடைச்சா நாம மட்டும் மூடி வச்சுத் துண்ண சொல்றியா?”

ஒண்ணாம் நம்பர் டோக்கன்

இன்டர்வியூ அன்னைக்குத் தைரியத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. அண்ணன் விடியக்காலையே போய் நின்னு ஒண்ணாம் நம்பர் டோக்கன் வாங்கி வச்சிருந்தாரு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. தாள் ஒண்ணா இருந்தா என்ன, முதல்ல சொல்றவன் சொல்றதுதானே ஒரிஜினல்?

ரெண்டும் மூணும் பெரிய பங்காளிங்க ரெண்டு பேர் கையில. நாலாம் நம்பரோட கடைசிப் பங்காளி சேகர் ஓடி வந்தாரு. கம்பெனி ஷிஃப்ட்டுக்கு நேரமாயிடுச்சு, லேட்டானா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு புலம்பினாரு. அவர் முடிக்கிறதுக்குள்ள அண்ணன் டோக்கனை மாத்திட்டாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு கலா அக்காவைப் பாத்தேன், அவங்களாவது தடுப்பாங்கன்னு. “இன்னா தம்பி முறைக்கிற? சேகரு வேலை போனா அந்தக் கொழந்தைக்கு யாரு ஃபீஸ் கட்டுவா?”

நாலாவது லைப்ரரி

கதவு திறந்தே இருந்துச்சு, நான் வெளிய பெஞ்சுல. அண்ணனும் அக்காவும் ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சாங்க. என் வாழ்க்கையில நான் எழுதினது ஒண்ணு தப்பில்லாம வந்தது அன்னைக்குத்தான். பிரின்சிபால் மேடம் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு தமிழுக்கு வந்துட்டாங்க. “காலையில இருந்து மூணு பேர் இதையே சொல்லிட்டாங்க. நாலு வீட்டுலயும் டிவி இல்லை, நாலு பேரும் லைப்ரரி போறீங்க. உங்க தெருப் பக்கம் லைப்ரரி எங்க சார் இருக்கு?”

“நானும் தேடிகினுதான் கீறேன் மேடம்”னாரு அண்ணன். அப்புறம் மறைக்கவே இல்லை. தாள் மாஸ்டர் எழுதினது, ஜெராக்ஸ் தான் போட்டதுன்னு போட்டு உடைச்சாரு. நான் பெஞ்சுல இருந்து மெதுவா தூணுக்குப் பின்னாடி போயிட்டேன். போட்டிக்கு வர்றவங்களுக்கே ஏன் குடுத்தீங்கன்னு மேடம் கேட்டாங்க. “எம் பொண்ணு வேன் ஏற சொல்லோ, அந்த மூணும் வாசல்ல நின்னு பாத்துகினு இருந்தா எனக்குச் சோறு எறங்குமா மேடம்?”

ரிசல்ட்

மூணு பங்காளிங்களுக்கும் சீட்டு கெடைச்சிடுச்சு. யாழினி வெயிட்டிங் லிஸ்ட், ஒண்ணாம் நம்பர். யாராவது விலகினா கூப்பிடுவாங்களாம். யார் விலகுவா? அந்த ஸ்கூல்ல சீட்டு கெடைச்சவங்க ஊரையே காலி பண்ணாதான் உண்டு.

அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூணு வீட்டுல இருந்தும் மூணு ஸ்வீட் பாக்ஸ் வந்திருந்துச்சு. யாழினி ஐம்பத்தஞ்சு இன்ச்சு முன்னாடி உக்காந்து ஜாங்கிரி தின்னுக்கிட்டு இருந்தா. கலா அக்கா கண்ணு சிவந்திருந்துச்சு, ஆனா காபி குடுத்தாங்க. நான் காபியை ஆத்து ஆத்துன்னு ஆத்தினேன். அண்ணன்தான் ஒரு லட்டை என் கையில திணிச்சாரு. “வுடு மாஸ்டரே, எம்மாம் பெரிய கும்பல்ல ஒண்ணாம் நம்பரு, டீசன்ட்டாதானே கீது?”

டீசன்ட்னா என்னன்னு ஒரு வாரம் பூரா போர்டுல எழுதி எழுதி அழிச்ச நான், ‘வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள்’னு ஒரே வரியில எழுதிட்டு மிச்ச சாக்பீஸை மிச்சம் பிடிச்சிருக்கலாம்.