செல்லம்மாக்கா கொடுத்த தேத்தண்ணி

எங்கள் மலையூர் பள்ளங்கிக்கு இன்றைக்கு எம்.எல்.ஏ. அம்மா வந்தார். காலம் தப்பிய மழையில் சரிவு வெடித்துக் கிடக்கிறது. அதற்கடியில் செல்லம்மாக்கா வீடு. யார் சொல்லியும் அக்கா வீட்டைக் காலி செய்து கிளம்பவில்லை.

"சிலோன்லருந்து கப்பல்ல ஏத்தி, ஆளுக்கொரு மூலையா பிரிச்சு விட்டாக. மறுபடியுமா?"

கோபம்தான். ஆனாலும் எல்லோருக்கும் தேத்தண்ணி தந்து, உள்ளங்கையில் வெல்லத்துண்டு வைத்தார். கூட வந்தவர்கள் அதை டம்ளரில் போட்டுக் கலக்கினார்கள். எம்.எல்.ஏ. மட்டும் வெல்லத்தைக் கடித்துக்கொண்டே குடித்தார்.

அக்கா அசந்துபோனார். "ஏம்மா, எங்களாட்டம் கடிச்சுக் குடிக்கிறியே, நீயும் சிலோன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையா?"

"எங்கம்மா அங்கதாங்க கொழுந்து பறிச்சாங்க. உங்க ஆளுகளப் பிரிக்காம ஒரே எடத்துல குடிவைக்கிறது என் பொறுப்பு. வெரசா கெளம்புங்கக்கா."

அக்கா அப்போதே கோழிகளைக் கூடையில் அடைத்தார்!

எனக்கு இன்னும் மலைப்பு தீரவில்லை. இத்தனை வருஷம் பக்கத்துத் தெருவில் இருந்தும் நான் கலக்கித்தான் குடிக்கிறேன். நீங்க எப்படிங்க?