அந்த வீடியோவில் சிரிப்பது நான்

என் மகள் சுமையாவின் நோயை முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்துவிட்டுக் கைதட்டினேன்.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். காலையில் தூங்கி எழுந்ததும் பாயில் உட்கார வைப்பேன். திடீரென்று இரண்டு கைகளும் மேலே எழும்பும், உடல் முன்னால் மடங்கும், நெற்றி பாயில் படும். நிமிர்வாள். சில நொடிகளில் மறுபடியும் அதே. ஐந்து வேளையும் தொழுகிற வீடு எங்களுடையது. வேறு என்னவென்று நினைப்போம்?

"மாமி, ஓடி வாங்க, புள்ள தொழுவுது!" என்று கத்தினேன். மாமியார் "மாஷா அல்லாஹ்" என்று அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். ஷார்ஜாவில் வேலை பார்த்த கணவருக்கு வீடியோ அனுப்பினேன். "நாளைக்கும் எடுத்து அனுப்பு" என்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதயங்களாக வந்து கொட்டின.

குனிந்து எழுந்ததும் அவள் அழுவாள். அழ ஆரம்பித்தவுடன் பதிவை நிறுத்திவிடுவேன். அழுகிற வீடியோவை யார் பார்ப்பார்கள்?

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போனேன். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நர்ஸ் கேட்டார்: "இவ ஏம்மா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறா?" அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. உடனே தஞ்சாவூரில் காட்டச் சொன்னார் நர்ஸ்.

நாகப்பட்டினத்தில் பஸ் ஏறினோம். அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கி ஊர்ந்தது. டிரைவர் மீது அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. வாரக்கணக்கில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு என்ன அவசரம்!

"எப்பலேருந்தும்மா இப்படி? வீடியோ இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லாமலா? அவர் போனை வாங்கி முதல் வீடியோவரை தள்ளிக்கொண்டே போய்த் தேதியைப் பார்த்தார்.

"ஏழு வாரமாச்சேம்மா. இதுல சிரிக்கிறது யாரு?"

"நான்தான்."

இ.இ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுத்தார்கள். வெஸ்ட் சிண்ட்ரோம் (கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு, மூளை வளர்ச்சியையே தடுக்கும்) என்றார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது. வாய்ப்பு கூடியிருக்கும்." அவர் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சில நாள் சொல்லியிருக்கலாம்.

ஸ்டீராய்டு ஊசியில் அவள் முகம் ஊதியது, குனிவது நின்றது. குணமாகிவிட்டது என்று பிரியாணி ஆக்கினோம். மூன்று வயதில் அது வேறு உருவத்தில் திரும்பியது. லெனாக்ஸ் காஸ்டோ (பலவகை வலிப்புகள் சேர்ந்து வருவது, மருந்துக்கு எளிதில் அடங்காது) என்று பெயர் மாற்றினார்கள். நின்ற இடத்திலேயே தடாலென்று விழுவாள். மாமியார் சொன்னார்: "நீ எதுக்கு எல்லாருக்கும் அனுப்புன? கண்ணு பட்டுடுச்சு." கணவர், "சபூர் பண்ணு, பொறுமையா இரு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இதயம் அனுப்பியவர்கள் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தலையில் ஹெல்மெட், இடுப்பில் டயப்பர். பேச்சு இல்லை. என் தோள் உயரம் வந்துவிட்டாள். குளிப்பாட்டத் தூக்கினால் முதுகு விட்டுப்போகிறது.

போன மாதம் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த முதல் வீடியோவ ஸ்டூடன்ட்ஸுக்குக் காட்டலாமாம்மா? புள்ள முகத்த மறைச்சிடுவோம். சத்தத்தையும் எடுத்துடுறேன்."

"முகத்த மறைங்க. சத்தம் இருக்கட்டும் டாக்டர்."

"ஏம்மா?"

"அடுத்து வர்ற அம்மாவும் சிரிச்சுக்கிட்டேதான் காட்டுவா. படிக்கிற புள்ளைங்களுக்கு அது தெரியணும்."

இதைப் படிக்கிறவர்கள் வீட்டுக் கைக்குழந்தை இப்படித் திரும்பத் திரும்பக் குனிந்தால், வீடியோ எடுங்கள். ஆனால் அழுகை வந்ததும் நிறுத்தாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தொழும்போது என் நெற்றி தரையில் பட்டால், நிமிர எத்தனை நொடி ஆகிறது என்று இப்போதும் எண்ணுகிறேன். சுமையா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு வயதாகிறது. அவள் இன்னும் ஒருமுறைகூடத் தொழுததில்லை.