எத்தனை சென்டி மழை

என் மனைவி இருந்தவரை மகனோடு பேசுவது அவள் இலாகா. அவன் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டால் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் போனை என் கையில் திணிப்பாள். "நல்லா இருக்கியாப்பா?", "நல்லா இருக்கேன் அத்தா", அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் மவுத்தான பிறகு அவன் தினமும் காலையில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தான். கூப்பிட்டானே தவிர, என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டீர்களா என்பான். அப்புறம் அவன் அறையின் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த ஐப்பசியில் மழைதான் எங்களைக் காப்பாற்றியது. திருவாரூர் போகும் வழியில் ஓர் அரசு ஆபீஸ் வளாகத்தில் மழைமானி இருக்கிறது. காலை எட்டரைக்கு ஊழியர் வந்து, தேங்கிய தண்ணீரை அளந்துவிட்டுச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவார். எனக்குக் கடைமடையில் கொஞ்சம் வயல் உண்டு. மேலே பெய்த மழை அப்புறம் என் சம்பாவில்தான் வந்து நிற்கும். எவ்வளவு என்று தெரிந்தால் முன்கூட்டியே வடிகாலைத் திறந்துவிடலாம் என்று சைக்கிளில் போய்க் கேட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் அதை மகனிடம் சொன்னேன். "ஏழு சென்டியா? அப்ப வாய்க்கால் பாலம் முழுகியிருக்குமே அத்தா" என்றான். மழையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரப்பாக விசாரித்தான். அன்று அரை மணி நேரம் பேசினோம். அதற்குப் பிறகு தூறல் போட்ட நாளில்கூடப் போய் அளவு கேட்டு வந்தேன்.

புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வெளியாட்களுக்கு அளவைச் சொல்லக் கூடாது, வேண்டுமென்றால் மனுப் போட்டுக் கட்டணம் கட்டுங்கள் என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பெய்யறது எங்க தலையில, அளக்கறது எங்க வரிப்பணத்துல, கேட்டா காசா? மழை என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தாங்க?"

மரியாதையாகத்தான் கேட்டேன். மனுவுக்குப் பதில் வருவதற்குள் பயிர் அழுகிவிடும் என்பது அந்த மனுஷருக்கு ஏறவே இல்லை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஒன்று விடாமல் போய் இதையே சொன்னேன். இவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று பேர் வாங்கினேன். நான் கத்தியது வயலுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதி அதற்காகத்தான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் தானியங்கி மழைமானி வந்துவிட்டது. மணிக்கு மணி அளவு இணையத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். என்னால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. டீக்கடையில் எனக்குத்தான் கை கொடுத்தார்கள். பக்கத்து வயல்காரர் டீயைக் குடித்துக்கொண்டே போனில் அளவைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்பிப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டு அந்த லிங்க்கை மகனுக்கும் அனுப்பி வைத்தேன்.

மறுநாள் போன் வந்ததும் ஆவலாக ஆரம்பித்தேன். "நேத்து இங்க..."

"பார்த்தேன் அத்தா, பதினோரு சென்டி. வடிகாலைத் திறந்துட்டீங்கல்ல?"

"திறந்துட்டேன்."

"சரி அத்தா."

அன்று ஒரு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டோம். இப்போது கேட்டாலும் மழைக் கணக்கு எல்லாருக்கும் இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பல பேருடைய நாற்று தப்பித்தது. எனக்குத்தான் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. போன் நாள்விட்டு நாள் வந்தது, பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் வந்தது.

போன வாரம் நல்ல மழை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"என்ன அத்தா, உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினான்.

"ஒண்ணுமில்லப்பா. இங்க மழை."

"தெரியும் அத்தா. எந்திரிச்ச உடனே அதைத்தான் பார்க்கிறேன். அதைப் பார்த்துட்டா உங்ககிட்ட பேசின மாதிரி இருக்கு. அதான் தினமும் உங்களைத் தொந்தரவு பண்றதில்ல."