குடை பிடிக்காமல் நடந்தவர்

அவருடைய வேலை நனைவது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அதற்குச் சம்பளம் உண்டு என்று தெரிந்ததும், "எங்க மச்சான் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்" என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய தகரக் கொட்டகை. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் கார் செய்கிற கம்பெனியுடையது. உள்ளே கொஞ்சம் தார் ரோடு, வெள்ளைக் கோடு, ஒரு சிக்னல் கம்பம். கூரை முழுக்கக் குழாய்கள். ஒரு திருகில் தூறல், இன்னொன்றில் அடைமழை, மற்றொன்றில் பனிமூட்டம். வானத்துக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக மழை பெய்ய வராது. வெயிலில் எறும்பைக்கூடப் பார்த்துவிடும் கார், மழை வந்தால் எதிரே நிற்கிற ஆளைத் தவறவிட்டது. அதன் பார்வை தெளிய வேண்டுமானால், யாராவது மழைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது, இவர்.

கொட்டகையில் இவருக்கு 'ஈரச்சட்டை' என்று பெயர். இதற்கு முன் லிஃப்டில் பொத்தான் அழுத்தினார். பார்க்கிங்கில் சீட்டுக் கிழித்தார். இரண்டு வேலையையும் மெஷின் வாங்கிக்கொண்டது. இந்த வேலை கிடைத்த அன்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இதை மட்டும் எந்த மெஷினும் பிடுங்க முடியாது. மெஷினுக்கு நனையத் தெரியாதுல்ல?" என்றார். அந்தம்மா பக்கத்துத் தெருவில் இஸ்திரி போடுகிறவர். "தும்மத் தெரியுமான்னு முதல்ல கேளுங்க" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜரிடம் ஒரு குடை கேட்டார் ஈரச்சட்டை.

"நனையத்தான்யா உனக்குச் சம்பளம். குடை பிடிச்சா அப்புறம் நீ எதுக்கு?"

நியாயமான பேச்சு. அதற்கப்புறம் யாரும் குடையைப் பற்றிப் பேசவில்லை. அடைமழையிலும் பனிமூட்டத்திலும் வெறுந்தலையோடு நடந்தார். கார் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. கடைசியில், பனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் தூரத்திலேயே இவரைக் கண்டு மரியாதையாக நின்றது.

காருக்குள் அவசரத்துக்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான் வேலை என்பதால் அவர் பெயரே 'பிரேக்கு'.

"அண்ணே, என் வீட்டுல எதிர்ல போய் நின்னாலும் யாருன்னு கேக்கறா. இது பாரு, உன் நிழலைப் பார்த்தே நிக்குது" என்பார்.

"கார் பாஸாகட்டும்ப்பா, உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஈரச்சட்டை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ஜலதோஷத்தையும் தாங்கினார்.

பரிசோதனை நாள் வந்தது. சான்று கொடுக்கும் அதிகாரி கண்ணாடி அறைக்குள், ஒரு சொட்டு மேலே படாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் ஈரச்சட்டை அவரோடு கை குலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் காய்ந்த சட்டையில். மாற்றுச் சட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

தூறலில் கார் நின்றது. பனிமூட்டத்திலும் நின்றது. அடைமழை மட்டும் பாக்கி. ஈரச்சட்டை குறுக்கே நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். கார் நின்று, அவர் போனதும் மறுபடி நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கையில் மடிப்புக் கலையாத சட்டையோடு. உள்ளே மழை பெய்வதைப் பார்த்தார். புத்தியுள்ள எவரும் செய்வதைச் செய்தார்: குடையை விரித்து, தாழப் பிடித்து, ரோட்டில் இறங்கினார்.

கார் நிற்கவில்லை.

"ஏய், வராதே! நில்லு!" என்று ஈரச்சட்டை கத்தியது குழாய்ச் சத்தத்தில் கரைந்துபோனது. பிரேக்கு தன் பெயரைக் காப்பாற்றினார். கார் கிறீச்சிட்டு நின்றபோது குடை பம்பருக்கடியில் நசுங்கிக் கிடந்தது. அந்தம்மா தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். சட்டையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"நனையல, பாருங்க" என்றார் கணவரிடம்.

பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். "மழையைக் கழிச்சுட்டுப் பார்க்கணும்னு கத்துக்கொடுத்தோம் சார். குடை விளிம்புலேர்ந்து சுத்திவரத் தண்ணி ஒழுகுதில்லையா? அதையும் மழைன்னு கழிச்சுடுச்சு. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் நம்ம ஆள் ஒருத்தர்தான். அவர் குடை பிடிக்கிறதே இல்லையே."

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடித் திறந்தார்.

"நான் வந்தது மழையில ஆள் தெரியுதான்னு பார்க்க. தெரிஞ்சுது. குடையைப் பத்தி யாரும் விண்ணப்பிக்கலையே?"

கார் பாஸாயிற்று. கை தட்டினார்கள். ஈரச்சட்டை காய்ந்த சட்டையில் கை குலுக்கினார். படத்தில் அவர் முகம் எங்கேயோ பார்க்கிறது; மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம்தான்.

படம் எடுத்து முடித்ததும் மேனேஜரைப் பிடித்தார்.

"சார், நாளைலேர்ந்து குடை பிடிச்சு நடக்கறேன். குடை, தொப்பி, தலைக்கு மேல பிளாஸ்டிக் பை, எல்லாம் வச்சு நடக்கறேன். அது கத்துக்கட்டும்."

"பாஸான பிள்ளைய மறுபடி அதே வகுப்புல உட்கார வைக்கச் சொல்றியா? அடுத்த மாசம் ரோட்டுக்கு வருதுப்பா. இனி எதுக்கு மழை? குழாயெல்லாம் கழட்டப் போறோம்."

"பர்மனென்ட்னு..."

"வேலை இருந்தாத்தானேப்பா பர்மனென்ட் பண்றதுக்கு?" மேனேஜர் அவர் தோளைத் தட்டிவிட்டு, அதே சூட்டில் கதவில் ஒரு பலகை மாட்டச் சொன்னார்: உள்ளே குடைக்கு அனுமதி இல்லை.

வெளியே நிஜ மழை. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். அந்தம்மா நசுங்கிய குடையை ஒருவழியாக விரித்தார். ஈரச்சட்டை அதை வாங்கி மடக்கினார்.

"ஏங்க, நனையறோம்! இஸ்திரி போட்ட சட்டைங்க அது!"

"நனையட்டும்."

"இந்த ரோட்டு வண்டியெல்லாம் ஆள்தானே ஓட்டறாங்க?"

"இந்த மாசம்."

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகையில் நடப்பதுபோலவே, வருகிற விளக்குகளுக்கு நேரே முகத்தைக் காட்டியபடி, வெறுந்தலையோடு, மெதுவாக ரோட்டில் இறங்கினார்.

"என்னை மாதிரியே நட" என்றார்.