மூன்றாவது கேசட்டில் பொன்னாடை

நம் ஊர் வானொலி அறிவிப்பாளர் ஓய்வு பெற்றபின் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய், முதியவர்களைப் பேசவைத்து வீடியோ எடுத்தார். கேசட்டுகளை எங்கள் சங்கத்தில் ஒப்படைத்தார். போன வருடம் இறந்துவிட்டார்.

அவற்றைக் கணினிக்கு மாற்ற ஸ்கூடாய் நகரில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். இன்று போய்ப் பார்த்தேன்.

மூன்றாவது கேசட்டின் மேல் அவர் கையெழுத்து: "அஞ்சலை, சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத கணவர் பற்றி."

அஞ்சலை ஒரு நிமிடம்தான் பேசினார். "லாரியில ஏறும்போது அவரு திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு…"

சட்டென்று ஒரு மேடை வந்தது. நம் அறிவிப்பாளருக்குச் சங்கம் நடத்திய பாராட்டு விழா. மாலை, பொன்னாடை, முடியாத தலைவர் உரை. எதன் மேல் பதிவாகிறது என்று தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளருக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்குப் புது கேசட் வாங்க மறந்துட்டோம் லா. அவரு விழாதானே, அவரு கேசட்லயே எடுத்துட்டோம். இதுக்குப் போயி ஏன் டென்ஷன் ஆவுறீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

கேசட்டுகளைக் காப்பாற்றியதற்காக அடுத்த மாதம் எனக்கும் பொன்னாடை போர்த்துகிறார்களாம். விழாவைப் படம்பிடிக்க யாரிடமாவது காலி மெமரி கார்டு இருக்கிறதா?