பரிசலில் மூன்றாவது ஆள்

விரால் பிடிக்கப் போகிறவர்களுக்கு நான் இலவசமாகத் தரும் அறிவுரை ஒன்று உண்டு. மீன் கவ்வியதும் இழுத்துவிடாதீர்கள். தண்ணீர் படாரென்று வெடிக்கும், நெஞ்சு வாய்க்கு வரும், கை தானாகப் பின்னால் போகும். போகவிடக் கூடாது. தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை விரால் வாய்க்குள் திருப்பிக்கொள்ள ஒரு மூச்சு நேரம் வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் இழுக்க வேண்டும். கோல் விறைப்பாக இருக்கட்டும். நூல் தடியாகவே இருக்கட்டும். தாமரைக் கொடிக்குள் ஓடும் மீனிடம் மெல்லிய நூலை நீட்டுவது, முரட்டுக் காளையைத் தையல் நூலால் கட்டுவது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு தூண்டில் போட வரும் அலுவலக நண்பர்கள், இதையெல்லாம் நான் யூடியூபில் பார்த்துக் கற்றதாக நினைக்கிறார்கள். ஒன்பது வயதில், ஒருவரோடொருவர் பேசாத இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பரிசலில் உட்கார்ந்து கற்றது என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

அந்த இருவர் என் அப்பாவும் சித்தப்பாவும். வடகரப்பதிப் பக்கத்துத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரே வாசலைப் பார்த்த இரண்டு வீடுகள். பாகம் பிரித்தபோது மாடு, மோட்டார், வைக்கோல்போர் எல்லாமே பிரச்சினை இல்லாமல் பிரிந்தன. வரப்பின் மேல் நின்ற ஒற்றைத் தென்னை மட்டும் பிரிய மறுத்தது. அது தன் பங்கு என்று அப்பா சொன்னார். சித்தப்பாவும் அதையே சொன்னார். வார்த்தை தடித்து, பிறகு வார்த்தையே நின்றுபோனது. அதன் பிறகு அந்த மரத்தில் இரண்டு பேருமே ஆள் ஏற்றவில்லை. தேங்காய் தானாக விழுந்து, வரப்பிலேயே முளைவிட்டுக்கொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருந்தால்கூட ஒரு நாளில் சரியாகியிருக்கும், இந்தக் கௌரவத்துக்குத்தான் மருந்து கிடையாது என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள்.

பங்கு போட முடியாத இன்னொரு பொருள் பரிசல். கூடிக் குலாவிய காலத்தில் இருவரும் பவானிப் பக்கம் போய் வாங்கிவந்த ஃபைபர் பரிசல் அது. ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடந்தது. பரிசலில் தனியாளாக மீன் பிடிக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தூண்டிலைத் தொட்டால் போதும், அது தட்டாமாலை சுற்ற ஆரம்பித்துவிடும். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் தூண்டில் போட என்று இரண்டு பேர் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. இவர்கள் இருவருக்கும் இடையில் பிறந்தவள் அத்தை. பெருமாட்டியில் வாக்கப்பட்டிருந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகும் தையல் போட்ட இடம் ஆறாமல் நீர் கோத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வெட்டுக்காயமோ பிரசவமோ ஆபரேஷனோ, எதுவானாலும் விரால் கொடு என்பார்கள். அதுவும் ஐஸ் பெட்டி விரால் ஆகாது, ஏரியில் பிடித்து உயிரோடு கொண்டுபோனால்தான் புண் ஆறும். அப்பா தன் மூங்கில் கோலைத் தேட ஆரம்பித்தார். எதிர்வீட்டில் சித்தப்பா, கூரியரில் வரவழைத்த ரீல் தூண்டிலை உறையிலிருந்து எடுத்தார். தங்கச்சிக்கு நான் கொடுப்பேன், அக்காவுக்கு நான் கொடுப்பேன் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் போட்டி நடந்தது.

அத்தை காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு ஒரே பேச்சைச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போயிப் புடிச்சுக் கொண்டாந்தா திங்கறேன். தனித்தனியாக் கொண்டாந்தீங்கன்னா வாசலோட திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க. நா ஆறாமயே கெடந்துக்கறேன்."

கடைசியில் ஒரு நிபந்தனையும் வைத்தாள். சாட்சிக்குப் பாப்பா கூடப் போக வேண்டும். பாப்பா என்பது நான்தான்.

இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக நான் பரிசலுக்குள் உட்கார வைக்கப்பட்டேன். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் சித்தப்பா, நடுவில் காலைக் கட்டிக்கொண்டு நான். அப்பாவின் முழங்கால் என் முதுகில் இடித்தது. சித்தப்பாவின் மீன் பை என் கால்மேல் கிடந்தது. அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் பேசாமல் இருப்பது என்பது சாமானியக் காரியமில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி நான்.

"பாப்பா, பரிசலத் தாமரப் பக்கமாத் தள்ளோணும்னு உங்க சித்தப்பங்கிட்டச் சொல்லு."

நான் தலையைத் திருப்பிச் சொன்னேன். சித்தப்பா நேராகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இந்நேரத்துக்கு விரால் கரையோரம் முழங்கால் தண்ணியிலதான் மேயும், வெயில் ஏறுன பொறகுதான் தாமரைக்குப் போகும்னு உங்கப்பாகிட்டச் சொல்லு சாமி."

அதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதில் எனக்குப் பேர் உண்டு. வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. சத்தமாகத்தான் பேசுகிறார்கள், ஒரு முழத் தூரத்தில்தான் இருக்கிறார்கள், இருந்தும் காதில் விழாமல் என்னைக் கேட்கிறார்களே என்று கொஞ்சம் வியப்பும் இருந்தது. பெரியவர்களுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

சித்தப்பாவின் ரப்பர் தவளை பார்க்க நன்றாக இருந்தது. வயிறு வெளுப்பு, முதுகு பச்சை, பின்னால் ரப்பர் நூலில் இரண்டு கால். கொக்கி இரண்டும் மேல்நோக்கி முதுகோடு படிந்திருக்கும், அதனால் கொடியில் சிக்காது. அதை இலைமேல் எறிந்து, தத்தித் தத்தி இழுத்து, இலை ஓரத்தில் தண்ணீருக்குள் தொப்பென்று இறக்கிவிட்டுச் சும்மா நிறுத்த வேண்டும். அப்பா நிஜத் தவளைக் கட்சி. ரப்பரைத் திங்க விராலுக்கென்ன பைத்தியமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். நிஜத் தவளையைத் திங்கத்தான் இதுவரைக்கும் எதுவும் வரக் காணமே என்று சொல்லச் சொன்னார் சித்தப்பா. சொன்னேன்.

கடைசியில் ஒரு விரால் ரப்பருக்குத்தான் பாய்ந்தது. பதறிப்போய் சித்தப்பா இழுத்த இழுப்பில் தவளை மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து வந்து அப்பாவின் தலைத்துண்டில் மாட்டியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. கொக்கியை எடுத்துவிடச் சொல்லி அப்பா என்னிடம் தலையைக் குனிந்தார்.

அன்று வெறுங்கையோடு திரும்பினோம். ஆனால் வெயில் ஏறி, மீன் அடங்கிப்போன பிறகும் பரிசல் கரைக்கு வரவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பா என்னைக் கேட்டார். சித்தப்பாவின் செவலை மாடு கன்று போட்டதே, கிடாரியா காளையா? இதை நான் சித்தப்பாவிடம் கேட்க வேண்டும். அந்தக் கன்று எங்கள் வாசலில்தான் நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தது. கிடாரி என்று எனக்கே தெரியும். கிடாரிதான், சீம்பால் கொடுத்தனுப்பினோமே, உங்கப்பா சாப்பிட்டாரா என்று பதில் கேள்வி வந்தது. அப்புறம் அப்பாவின் இருமலுக்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்று ஒரு கேள்வி. சித்தப்பாவின் போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு கேள்வி. எனக்குக் கழுத்து வலித்தது. பசி வேறு. மீன் பிடிக்க வந்த இடத்தில் மாட்டையும் மாத்திரையையும் பற்றி என்ன பேச்சு என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. மாமா போனில் சொன்னபோது அப்பாவின் முகம் செத்துப்போனது. அந்த ஞாயிறு ஏரியில் இருவரும் தூது எதுவும் விடவில்லை. ரப்பரா நிஜமா என்ற சண்டைகூட இல்லை. அப்பா தன் கோலைக் கரையிலேயே வைத்துவிட்டுத் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். சத்தம் வராமல் துடுப்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து அளைந்து தாமரைப் பரப்புக்குக் கொண்டுபோனார்.

சித்தப்பா எறிந்தார். தவளை இலைமேல் தத்தியது, ஓரத்தில் இறங்கியது, நின்றது. தண்ணீர் வெடித்தது.

"இழுத்தறாதடா! முழுங்கட்டும்!"

நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு அவசியமே வரவில்லை. சித்தப்பா அசையாமல் நின்றார்.

"இப்ப இழு!"

கோல் வில்லாக வளைந்தது. விரால் நேராகக் கொடிக்குள் தலையைக் கொடுத்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, கிட்டத்துல தள்ளுங்ணா! கொடிக்குள்ள பூந்துருச்சு!"

"நூலத் தளத்தாத! கோல மேல தூக்கிப் புடி, தம்பி!"

அப்பா நாலு தள்ளலில் பரிசலைக் கொடிமேலேயே ஏற்றினார். துடுப்பைப் போட்டுவிட்டுத் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, தண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பிறகு துண்டோடு சேர்த்து ஒரு கருப்பு உருளையை அமுக்கித் தூக்கி என் காலடியில் போட்டார். என் முழங்கை நீளம் இருக்கும். பாம்பு மாதிரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் அலறினேன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே மாதிரிச் சிரித்தார்கள், கண்ணை இடுக்கிக்கொண்டு, தோள் குலுங்க. இருவருக்கும் ஒரே சிரிப்பு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா சட்டென்று துடுப்பை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"பாப்பா, வாளியில மூடி போட்டுக் கட்டச் சொல்லு உங்க சித்தப்பன. எகிறிக் குதிச்சுப் போடும்."

பெருமாட்டிக்கு இரண்டு பைக்கில் போனோம். மீன் வாளி அப்பா வண்டியில், நான் சித்தப்பா வண்டியில். மீனும் சாட்சியும் ஆளுக்கொன்று. மாமா விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, அத்தை என்னைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"பேசுனாங்க அத்தை. சத்தம் போட்டே பேசுனாங்க."

"என்ன பேசுனாங்க சாமி?"

"நூலத் தளத்தாதன்னு அப்பா சொன்னாங்க. கிட்டத்துல தள்ளுங்ணான்னு சித்தப்பா சொன்னாங்க."

அத்தை சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வலியினால் என்று நினைத்தேன். அன்று ஒரு தட்டுச் சோற்றைக் குழம்பு ஊற்றி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். காய்ச்சல் விட்டது, பத்துப் பதினைந்து நாளில் புண்ணும் ஆறிவிட்டது. விரால் ஆற்றியதா, மாத்திரை ஆற்றியதா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் பட்டிமன்றம் நடக்கும்.

அத்தைக்கு மீன் தேவைப்படாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னை எழுப்பினார். மூங்கில் கோலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஏரிக்கு வா என்றார். எனக்குத் தூக்கம். டிவியில் எனக்குப் பிடித்த கார்ட்டூன் வரும் நாள் வேறு. அத்தைக்குத்தான் ஆறிப்போச்சே, அப்புறம் எதுக்கு என்றேன். சும்மாதான், வா கண்ணு என்றார். அப்பா அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"நா வல்லீங்கப்பா. நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிட்டீங்களே. நீங்களே போயிட்டு வாங்க."

அப்பா கோலோடு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில் சித்தப்பா ரீல் தூண்டிலோடு தயாராக நின்றிருந்தார். அப்பாவுக்குப் பின்னால் நான் வருகிறேனா என்று எட்டிப் பார்த்தார். நான் வரவில்லை. இருவரும் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்பா கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சித்தப்பா ரீல் கைப்பிடியைச் சும்மா சுற்றினார். பிறகு சித்தப்பா உள்ளே போனார். அப்பாவும் வந்து கோலை எரவாணத்தில் செருகிவிட்டுத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் இல்லாமல் அப்பாவுக்கு ஏரிக்குப் போகவே பிடிக்கவில்லை என்று அன்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அம்மா என் தலையை வாரிவிட்டாள். அதற்கப்புறம் யாரும் என்னை ஏரிக்குக் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் சித்தப்பா குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொள்கிறார்கள், நடுவில் நாலு நாற்காலி தள்ளி.

பேசாமல் இருப்பதற்கு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை, பேசுவதற்குத்தான் தேவைப்பட்டேன். அது அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. அந்தக் காலைக்குத் திரும்பிப் போய், போர்வையை உருவி எறிந்து, அந்தச் சின்னப் பெண்ணை எழுப்பி அனுப்பிவிடத் தோன்றுகிறது. எழுந்து போ பாப்பா, கார்ட்டூன் அடுத்த வாரமும் வரும், வாசலில் இரண்டு பேர் உனக்காக நிற்கிறார்கள்.